நேராக்கி வைத்த ஆறு ட்ரே

காலை ஏழு நாற்பதுக்கு நான் அந்த ட்ரேக்களை நேராக்கத் தொடங்கினேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன், அதனால் நேரத்தில் சந்தேகமில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை. எட்டரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடிக்க வேண்டும். பதினோரு மணிக்கு அங்கே என் மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். பஸ்ஸுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. சும்மா கிடக்கிற ஐம்பது நிமிடத்தை என் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

பேண்டேஜ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. ஸ்டெரைல் ரூமில் இருபத்தாறு வருஷம் செக்கராக இருந்துவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றேன். கிளம்புகிற அன்று மேனேஜர் கூப்பிட்டு, புதுசா வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாங்க, ஒழுங்கா வேலை பாக்குறது எப்படின்னு எழுதுங்க என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். நடந்த கதை அவருக்கு முழுதும் தெரியும். அதனால் அவர் சொன்னது மரியாதையா கேலியா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வார்த்தையைச் செத்த நேரம் கவனித்துப் பாருங்கள். ஒழுங்கா சாப்பிடு. ஒழுங்கா படி. ஒழுங்கா மேல ஏறுங்கம்மா, படியில நிக்காதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழுகிறது. ஆனால் யாராவது சந்தோஷமாக இருக்கும்போது அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'ஒழுங்கு மரியாதையா' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து வருவதில் ஒழுங்கும் இருக்காது, மரியாதையும் இருக்காது. வேலையை நல்லபடியாகச் செய்துகொண்டிருக்கிறவரிடம் போய், நீ ஒழுங்காகச் செய்கிறாய் என்று யாரும் சொல்வதில்லை. ஏதாவது கெட்டால்தான் அந்த வார்த்தை வாய்க்கு வரும்.

எங்கள் வீட்டில் அது என் வார்த்தை. செருப்பெல்லாம் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் மடித்து வைத்த பேப்பரை நான் ஒரு தடவை பிரித்து மடிப்பேன். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தோழிகளிடம் சொல்வாளாம், மழை பெய்தாலும் எங்கம்மா வரிசையாகப் பெய்யச் சொல்லும் என்று. எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

நம் ஸ்டெரைல் ரூமுக்கு வருகிறேன். அங்கே மொத்த வேலையும் ஒரே கேள்விதான். இந்த ட்ரே வெந்ததா, வேகாததா? புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணி பாக்கெட்டுகளை ட்ரேயில் அடுக்கி ஆட்டோகிளேவுக்குள் தள்ளி, நீராவியில் கிருமி சாக வைத்து எடுப்பதை நாங்கள் வேகவைப்பது என்றுதான் சொல்வோம். இட்லி மாதிரி. வெந்த பாக்கெட்டும் வேகாத பாக்கெட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பாக்கெட் மூலையில் ஒரு சின்னக் கோடு இருக்கும். வேகாதவரை வெளுப்பு, வெந்த பிறகு கறுப்பு. கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் அலமாரிக்கு மேலே இரண்டு போர்டு தொங்கவிட்டிருந்தோம். இடது பக்கம் வேகாதது, வலது பக்கம் வெந்தது.

மகளைப் பார்த்துக்கொள்வதற்காக நான் பதினைந்து நாள் லீவில் இருந்தேன். முந்தின நாள் சாயங்காலமே அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சம்பந்தியம்மா கூடவே தங்கினார்கள். ராகு காலம் கழிந்து பதினோரு மணி என்று நேரம் குறித்தவர்களும் அவர்கள்தான். நான் மாற்றுத் துணி எடுக்க ராஜபாளையம் வந்து, காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கம்பெனிக்குள் நுழைந்தேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். வீட்டில் நிற்க முடியவில்லை, பஸ் ஸ்டாண்டில் நின்றால் அழுதுவிடுவேன் போல இருந்தது. அதுதான் உண்மை.

உள்ளே போனால் சுவருக்குப் புதுப் பெயின்ட். போர்டு இரண்டும் இல்லை. ஆட்டோகிளேவ் ஓட்டுகிற காதர் காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். என் இடத்தில் பதினைந்து நாளாகக் கையெழுத்துப் போடுகிற செக்கர் எட்டரை மணிக்குத்தான் வருவார். அலமாரியில் ட்ரேக்கள். பாதி நேராக இருக்கின்றன. ஆறு ட்ரே மட்டும் குறுக்கே, விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு, யாரோ அவசரத்தில் தள்ளிவிட்டுப் போன மாதிரி.

பதினைந்து நாள் நான் இல்லை என்றதும் இந்த அழகா என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆறையும் நேராக்கினேன். நேராக்கியதோடு விட்டேனா? உயரம் சமமாக வரவேண்டும் என்று ஆறையும் அடியில் வைத்து, மற்றதை மேலே ஏற்றினேன். இருபது நிமிடம் ஆனது. மூச்சு நிதானமாயிற்று. தள்ளி நின்று பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. அந்த மிதப்பில், செக்கர் வருகிறவரை சரக்கு ஏற்ற வந்த வேன் ஏன் நிற்க வேண்டும் என்று நானே மேல் ட்ரேக்களில் இருந்து நாலைந்து பாக்கெட்டை எடுத்துக் கோட்டைப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேக்கிங் ஆட்கள் வந்து இரண்டு அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டார்கள். எட்டே காலுக்கு வேன் கிளம்பியது. எங்கே என்று கேட்கிறீர்களா? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. என் மகள் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்கு.

புரட்டாசிச் சனிக்கிழமை பஸ்ஸை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் மொத்தமும் அதில்தான் இருந்தது. எட்டரை பஸ்ஸில் காலே வைக்க முடியாமல் அதற்கடுத்ததில் ஏறினேன். நாமம் போட்ட ஓர் அம்மா பக்கத்தில் ஓர் ஓரம் இடம் கொடுத்தார்கள். ஊர் தாண்டி இடது பக்கம் மலை வரும்போது மணி ஒன்பது ஐந்து. காதர் போன் செய்தார்.

"அக்கா, குறுக்க வச்ச ஆறு ட்ரேயக் காணோமே. நீங்க வந்துட்டுப் போனதா வாட்ச்மேன் சொல்லுதாரு."

குறுக்கே வைத்ததா என்று கேட்டேன். பெயின்ட் அடிக்கப் போர்டைக் கழற்றிய நாளில் இருந்து அதுதான் வழக்கம் என்றார். வேகாத ட்ரேயைக் குறுக்கே வைப்பார்கள், வெந்த பிறகு நேராக வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு வருகிறவன்கூட விளிம்பில் இடித்துத் தெரிந்துகொள்வான். ரூமில் எல்லோருக்கும் தெரியும். செக்கருக்குத் தெரியும். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கும் தெரியும். லீவில் இருந்த எனக்கு மட்டும் தெரியாது.

அந்த அறையிலேயே ஒழுங்காக இருந்தது அந்தக் குறுக்கே கிடந்த ஆறு ட்ரேதான். நான் அதைத்தான் கலைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது உங்களில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள், எனக்கும் இப்போது பாதி சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு பொருள் கோணலாக இருந்தால் உடனே கையை நீட்டாதீர்கள். அதை அப்படி வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்று கேளுங்கள். காதர் வருகிறவரைக்கும் காத்திருந்து, ஏன்யா இது குறுக்க கெடக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. பார்க்க நேராக இருக்கிறதா என்பது வீட்டுச் செருப்புக்குப் போதும். நம் வேலையில், அடுத்து வருகிற ஆள் பார்த்ததும் புரிந்துகொள்கிறாரா என்பதுதான் ஒழுங்கு.

இது இன்றைக்குச் சொல்கிற ஞானம். அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான். வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன். வேகாத துணி உள்ளே பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான்.

உடனே செய்தது என்ன தெரியுமா? மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, வாயைக் கையால் மூடிக்கொண்டு, நம்ம பிள்ளைக்கு மட்டும் எங்க கம்பெனி காஸை எடுக்க வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லுங்க என்றேன். நம்ம பிள்ளைக்கு மட்டும். காரணத்தைச் சொல்ல வெட்கம். முந்தின நாள் ராத்திரி முதல் நான் அவருக்கு எட்டு போன் போட்டிருந்தேன். ஜன்னலைச் சாத்துங்க, ஃபேனைக் குறைங்க, அந்தக் கட்டில் ஆடுது, வேற கேளுங்க. இது ஒன்பதாவது.

சரி அத்தை, நீங்க பதறாம ஒழுங்கா உக்காந்து வாங்க என்றார். அவர் 'சரி அத்தை' என்றால் ஒன்றும் செய்யப் போவதில்லை என்று அர்த்தம். தப்பு அவர் மேல் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பதறுகிறவளின் பதற்றத்தில் எது பெரியது எது சின்னது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

காதர் மறுபடி கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டீங்களா என்றார். மாப்பிள்ளையிடம் சொன்னேன் என்றேன். என்ன சொன்னீங்க என்றார். சொன்னதைச் சொன்னேன்.

"அங்க இன்னைக்கு உங்க மக ஒருத்தி மட்டுமா அக்கா படுத்திருக்கா?" என்றார்.

காதர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அன்று அவர் குரலில் கேலி இல்லை.

ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போன் போட்டேன். எடுத்தவரிடம் நான் பேசியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நான் இந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமா இருக்கேன் சார், பதினஞ்சு நாள் லீவுல இருந்தேன், மகளுக்குத் தலைப்பிரசவம், அப்போ இங்க பெயின்ட் அடிச்சிருக்காங்க, போர்டைக் கழட்டிட்டாங்க என்று போகிறேன். நடந்தது நடந்த வரிசையில் சொல்கிறேனாம். பெயின்ட் வரைக்கும் வந்தபோது, உங்களுக்கு ஆர்டர் வேணும்னா ஆபீஸ் நம்பருக்குப் பேசுங்கம்மா என்று அவர் வைத்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த நாமம் போட்ட அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

"தாயி, எடுக்காதேன்னு மொதல்ல சொல்லு," என்றார்கள். "எம்புட்டுக் கதை இருந்தாலும் பொறவு சொல்லிக்கிடலாம்."

படித்தவள் நான், பதிவேடு எழுதுகிறவள் நான். கோவிலுக்குப் போகிற அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மறுபடி போன் போட்டேன். சார், இன்னைக்குக் காலையில வந்த ரெண்டு காஸ் பெட்டியையும் யாரும் பிரிக்கக் கூடாது, அதுல வேகாதது கலந்திருக்கு, தப்பு என்னோடது, பேட்ச் நம்பரைக் குறிச்சுக்கோங்க என்று ஒரே மூச்சில் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வேகாததுன்னா என்னம்மா? ஸ்டெரிலைஸ் பண்ணாதது சார் என்றதும் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டி ஸ்டோரில் இருக்கிறது, இன்னொன்று ஒன்பது மணிக்கே ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டது, இந்தா நானே போறேன் என்றார்.

ஒரு வேலைக்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்துக்கு வேறு வரிசை. முதலில் நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள், அதற்குப் பிறகு யாரால், எப்படி, ஏன் என்பதெல்லாம் வரட்டும். நம்மைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது கடைசியில் வரட்டும்.

பத்து மணி தாண்டி ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். தியேட்டர் வாசலில் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நின்றார்கள். மகளைக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் உள்ளே தயார் பண்ணக் கொண்டுபோயிருந்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மக ஆபரேஷனுக்குக்கூட கம்பெனியில தலையக் காட்டிட்டுத்தான் வருவீகளோ மதினி," என்றார்கள் சம்பந்தியம்மா.

அந்தக் கேலிக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. நான் அங்கேயே, இருவருக்கும் கேட்கும்படி, செய்ததைச் சொன்னேன். மாப்பிள்ளையின் முகம் மாறியது. எனக்கு வந்த ஒன்பதாவது போன் அதுதானா அத்தை என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

ஸ்டோர்க்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தியேட்டருக்குள் இருந்து வாங்கி வந்துவிட்டேன், பாருங்க என்றார். தரையிலேயே உட்கார்ந்து எண்ணினேன். பெட்டிக்கு நாற்பது பாக்கெட். முப்பத்தொன்பது இருந்தது. மறுபடி எண்ணினேன். ஸ்டோர்க்காரர் ஒரு தடவை எண்ணினார். சம்பந்தியம்மா காலை மடித்து உட்கார்ந்து அவர்களும் ஒரு தடவை எண்ணினார்கள். முப்பத்தொன்பது.

தியேட்டர் கதவு சாத்தியிருந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. தட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதை மீறாதவள் நான், அதனால் ஒரு நிமிடம் நின்றேன். அதன் பிறகு தட்டினேன். ஓர் ஆயா கதவை விரல் அளவு திறந்து, உள்ள ஆபரேஷன் நடக்குதுல்லா, அறிவில்லையா என்றார். புதுப் பெட்டியில ஒரு பாக்கெட் குறையுது, அதை எடுக்கக் கூடாது, சிஸ்டர்ட்ட சொல்லுங்க என்றேன். பெட்டியத்தான் குடுத்தாச்சே என்று கதவைச் சாத்திவிட்டார். சொன்னாரா இல்லையா தெரியாது. திரும்பத் தட்டினேன். யாரும் வரவில்லை.

மணி பத்து ஐம்பத்தைந்து. அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் செய்ய ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு வாய்த்த மிக நீளமான அரை மணி நேரம் அது. காதர் இரண்டு தடவை போன் செய்தார், எடுக்க முடியவில்லை. சம்பந்தியம்மா ஏசப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் பையில் இருந்து தண்ணீர் எடுத்துத் தந்து, இருவத்தாறு வருசத்துல இது எத்தனாவது தப்பு என்று கேட்டார்கள். முதலாவது என்றேன். நம்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் குரலில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

என் பேத்தி இப்போது குப்புற விழுகிற பருவத்தில் இருக்கிறாள். இதை எழுதுகிற மேஜைக்குக் கீழேதான் கிடக்கிறாள். ஆனாலும் எங்காவது சிவப்பு விளக்கைப் பார்த்தால் இன்னும் என் கை குளிர்ந்துவிடுகிறது.

பதினொன்று இருபத்தைந்துக்கு விளக்கு அணைந்தது. கதவைத் திறந்து வந்தவர் தியேட்டர் சிஸ்டர். என் வயதுதான் இருக்கும். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எங்கள் நாலு பேரையும் பார்த்தார். ஒரு கையில் ரிஜிஸ்டர். இன்னொரு கையில் பிரிக்காத ஒரு காஸ் பாக்கெட்.

"கதவ ஒடைக்கப் பாத்தது யாரு, நீங்களா?" என்றார்.

நான் எழுந்தேன்.

"புதுப் பெட்டி வந்தா நான் அடியில கையவிட்டு ஒண்ணு எடுத்துப் பாப்பேன். இதுல கோடு வெளுப்பா இருந்துச்சு. பெட்டியவே ஓரங்கட்டிட்டு, உங்க கம்பெனிக்காரங்கள நாலு கேள்வி கேக்கணும்னு இத மட்டும் தனியா வச்சேன். உங்க மகளுக்கு எடுத்ததெல்லாம் போன வாரத்துப் பெட்டி. அவ நல்லாருக்கா. பொம்பளப் பிள்ள, மூணு கிலோ."

சம்பந்தியம்மா சத்தமாக அழுதார்கள். நான் கதவைப் பார்த்து நடந்தேன். சிஸ்டர் ரிஜிஸ்டரை விரித்து எனக்குக் குறுக்கே நீட்டினார்.

"எங்க போறீங்க? மொதல்ல இந்தப் பாக்கெட்டத் திரும்ப வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பேத்தி எங்கயும் ஓடிப்போயிர மாட்டா."